கடைசி ஆளாக இருப்பது எப்படி?

புதிதாக ஒரு சாமான் சந்தைக்கு வந்தால் அதை முண்டியடித்து வாங்குவது எப்படி என்று சொல்லித்தர ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. வாங்காமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தரத்தான் ஒருவருமில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு. உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். திண்டுக்கல்லுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் கடைசியாகக் கமலையை அவிழ்த்தவர் என் பெரியப்பா. எங்கள் தெருவில் கடைசியாக கியாஸ் அடுப்பு வந்த வீடு எங்கள் வீடு. ஜிபே ஸ்டிக்கரைப் பார்த்ததும் இன்றைக்கும் சட்டைப்பையில் சில்லறை தேடுகிறவன் நான். பரம்பரைத் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு சாஸ்திரமும் உண்டு. எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1962-இல் ஒரு புத்தகம் எழுதினார். புதுமை ஒன்று ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்று கோடு போட்டுக் காட்டிய புத்தகம். துணிந்து முதலில் இறங்குகிறவர்கள் 2.5 சதவீதம். அவர்களைக் கவனித்துப் பின்னாலேயே போகிற பெரிய கைகள் 13.5 சதவீதம். அப்புறம் ஒரு 34, அதற்கப்புறம் இன்னொரு 34. மிச்சமிருக்கும் 16 சதவீதத்துக்கு அவர் வைத்த பெயரை நாகரிகமாகத் தமிழ்ப்படுத்தினால் பின்தங்கியோர். வாத்தியார் பாஷையில் கடைசி பெஞ்சு.

நம்மூர்க் கணக்கில் இப்படி வரும். முதல் 2.5 பேரை ஊர் கிறுக்கன் என்று சொல்லும். அடுத்த 13.5 பேர் பால் சொசைட்டித் தலைவர், மில் மேஸ்திரி, கோயில் வரி வசூலிப்பவர் வகையறா. அதற்கடுத்த 34 பேர் “அவரே வாங்கிட்டாரா?” என்று கேட்டுவிட்டு வாங்குவார்கள். இரண்டாவது 34 பேர் மச்சினன் வாங்கிவிட்டதால் வாங்குவார்கள். நாம் இவர்கள் எல்லோரும் போய்ச் சேரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எளிதான வேலை என்று நினைக்காதீர்கள். ஊரில் பாதிப் பேர் மாறியபிறகு மாறாமல் இருப்பதற்கு, முதல் ஆளாக மாறுவதைவிட அதிகத் தெம்பு தேவை.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாவற்றிலும் மந்தம் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சியை அடுத்த மே மாதமே திண்டுக்கல் இடைத்தேர்தலில் ஜெயிக்கவைத்து டெல்லிக்கு அனுப்பிய தொகுதி இது. ரோஜர்ஸ் போட்ட கோட்டில் ஐந்து வகை ஆட்களும் வரிசையாக வர வருஷக்கணக்காகும். இங்கே ஏழே மாதத்தில் இரட்டை இலை கடைசி பெஞ்சுவரை போய்ச் சேர்ந்தது. மனசு வைத்தால் நடக்கும். மனசு வைக்காமல் இருப்பதுதான் கலை.

சரி, முதல் பாடம். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். வேண்டாம் என்பவனைப் படிப்பறிவில்லாதவன் என்று ஒதுக்கிவிடலாம். கேள்வி கேட்பவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றுமேட்டில் அப்போது கமலை. இரண்டு மாடு சரிவில் இறங்கினால் வடக்கயிறு இழுபட்டு சால் மேலே வரும். மேலே வந்ததும் வால்கயிற்றைத் தளர்த்த, சாலுக்குக் கீழே தும்பிக்கை மாதிரி தொங்கும் தோல் தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னாலேயே நடந்து மேலேறும். பின்னோக்கி நடக்க ஒரு மாட்டைப் பழக்குவது லேசுப்பட்ட காரியமல்ல. ஒருநாள் திண்டுக்கல்லிலிருந்து மோட்டார் விற்கிற பையன் ஒருவன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான்.

“அய்யா, சுவிட்சைப் போட்டாப் போதும். தண்ணி தானா வரும்.”

“சரி தம்பி. மாடு அப்ப என்ன செய்யும்?”

“வித்துருங்கய்யா.”

“சாணிக்கு?”

பையன் கையிலிருந்த நோட்டீசைப் புரட்டிப் பார்த்தான். அதில் சாணியைப் பற்றி ஒன்றும் இல்லை.

பெரியப்பா கேட்டது கிண்டலுக்கு அல்ல. மோட்டார் வந்த தோட்டங்களில் மாடு போனது. மாடு போனதும் எரு போய், யூரியா மூட்டை வந்தது. உழவுக்கு வாடகை டிராக்டர் வந்தது. டிராக்டர் திரும்ப இடமில்லாமல் வரப்பு மரங்கள் போயின. விற்க வந்தது ஒரு சாமான்; வந்து சேர்ந்தது ஒரு கல்யாணக் கோஷ்டி. ஃபிராங்க் கீல்ஸ் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் 2002-இல், பாய்மரக் கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்த கதையை வைத்து இதையேதான் கட்டுரையாக எழுதினார். ஒரு பொருள் மட்டும் தனியாக மாறுவதில்லை. அதைச் சுற்றியிருக்கிற பழக்கம், சட்டம், வியாபாரம், பட்டறை எல்லாம் பின்னிக்கிடக்கிற ஒரு ஏற்பாடே மாறுகிறது என்றார். புதுசு முதலில் ஒரு ஓரத்து நாற்றங்காலில் வளரும், பழைய ஏற்பாடு வயல் முழுக்க நிற்கும், மேலே வானிலை மாறி வயல் ஆட்டம் காணும்போது நாற்று உள்ளே நுழையும். நாற்றங்கால், வயல், வானம் என்று நான்தான் பெயர் வைத்திருக்கிறேன். அவர் வைத்த பெயர்கள் வறட்சியானவை. நாற்றங்காலிலேயே நின்றுபோன பயிருக்கும் நம் பக்கத்தில் உதாரணம் உண்டு. சின்னாளபட்டிக்கு எதிரே காந்திகிராமம். ஜி. ராமச்சந்திரனும் சௌந்தரம் அம்மாவும் 1947-இல் தொடங்கியது. கதரும் கிராமக் கைத்தொழிலும் அங்கே பக்குவமாக வளர்ந்துகொண்டிருக்க, ரோட்டுக்கு இந்தப் பக்கம் சின்னாளபட்டித் தறிகள் செயற்கைப் பட்டு நூலில் சேலை நெய்து உலகத்துக்கு விற்றன. வானம் சின்னாளபட்டி பக்கம் நின்றது.

இரண்டாவது பாடம் தைரியத்துக்காக. நாம் தனியாள் அல்ல. புதுமை பரவுவதை ஆராயும் துறைக்கே பிள்ளையார் சுழி போட்ட ஆய்வு 1943-இல் வெளிவந்தது. பிரைஸ் ரயான், நீல் கிராஸ் என்ற இருவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 259 விவசாயிகளிடம் ஒட்டு மக்காச்சோள விதையைப் பற்றி விசாரித்தார்கள். 257 பேர் மாறியிருந்தார்கள். இரண்டு பேர் மாறவில்லை. அந்த இரண்டு பேருக்கு ஒரு சிலை வைக்கலாம். (இந்த ரயான் பிற்பாடு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் சொல்லிக்கொடுக்க வந்தார். இலங்கைச் சாதிகளைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். மக்காச்சோளத்திலிருந்து சாதிக்குப் போனவர், மாறாதவற்றைப் பற்றி அங்கே நிறையவே கற்றிருப்பார்.)

ரோஜர்ஸும் அயோவாக்காரர்தான், விவசாயி மகன். அவருடைய அப்பா இயந்திரம் என்றால் ஆசையாக வாங்குவார். ஒட்டு விதை என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 1936-இல் கடும் வறட்சி. பக்கத்து வயலில் ஒட்டுச் சோளம் நிமிர்ந்து நிற்க, இவர்கள் சோளம் வாடிச் சாய்ந்தது. அதைப் பார்த்த பையன் வளர்ந்து, ஜனங்கள் ஏன் நல்லதை உடனே எடுத்துக்கொள்வதில்லை என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தான். கடைசி 16 சதவீதத்தைப் பற்றி அவர் எழுதும்போதெல்லாம் அப்பா ஞாபகம் வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளிலும் அப்பாவோடு போட்ட சண்டையில்தான் பாதித் தத்துவம் பிறக்கிறது.

மூன்றாவது பாடம், ரிப்பேர்காரரைப் பத்திரமாக வைத்துக்கொள்வது. பெரியப்பா இதில் கோட்டை விட்டார். அவரை மோட்டாரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எமர்ஜென்சி முடிந்த சமயம், தும்பி கிழிந்தது. வழக்கமாகத் தைத்துக் கொடுக்கிறவருக்குக் கண் மங்கிவிட்டது. அவர் மகன் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் கூலிக்குச் சேர்ந்திருந்தான். “அவனுக்குத் தோல் உரிக்க, ஊறவைக்கத் தெரியும் சாமி, தும்பி தைக்கத் தெரியாது” என்றார் பெரியவர். பெரியப்பா ரெண்டு வாரம் ஓட்டைத் தும்பியோடு இறைத்துப் பார்த்தார். பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பப் போனது. மூன்றாவது வாரம் கரண்ட் கனெக்‌ஷனுக்கு மனு எழுதச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். புதுசு எப்போது வருகிறது என்று கணக்குப் போடுகிற தத்துவக்காரர்கள், பழசைத் தைக்கிறவர் எப்போது போனார் என்றும் ஒரு கோடு போட்டிருக்கலாம்.

நான்காவது பாடம் போர்வெல் போடாமல் இருப்பது, ஐந்தாவது அடுத்தவர் மாறியதால் அடிபடாமல் இருப்பது. சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டிலும் நாங்கள் தோற்றுவிட்டோம்.

ஒரு புதுமை வேகமாகப் பரவ ஐந்து குணம் வேண்டும் என்கிறார் ரோஜர்ஸ். பழசைவிட லாபம். நம் பழக்கவழக்கத்தோடு ஒத்துப்போவது. சிக்கலில்லாமை. கொஞ்சமாகச் செய்து பார்க்கத் தோது. பலன் அடுத்தவன் கண்ணுக்குத் தெரிவது. போர்வெல்லை இதில் வைத்து உரசிப் பாருங்கள். கொஞ்சமாக எப்படி போர் போடுவது? திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்றால் அடிக்கு இவ்வளவு. தண்ணீர் வந்தாலும் காசு, வெறும் புகை வந்தாலும் காசு. எந்த இடத்தில் துளைப்பது என்பதை உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடக்கிறவர் சொல்லுவார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் இத்தனை டன் எந்திரத்தை நிறுத்துவார்கள். பரீட்சையில் ஐந்துக்கு இரண்டுகூடத் தேறாது. ஆனால் எங்கள் சமவெளி முழுக்கச் சல்லடையாகத் துளைத்தாகிவிட்டது.

எப்படி? 1984-இல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும். இரவு ரெண்டு மணிக்கு மூணு பேஸ் வந்தாலும் ஆட்டோ சுவிட்சு மோட்டாரை எழுப்பிவிடும். இது வானம். வயலில் நடந்தது வேறு. எங்கள் கிணறு அறுபது அடி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நானூறு அடிக்கு போர் போட்டார். அடுத்த கோடையில் எங்கள் கிணற்றின் அடியில் தவளை தெரிந்தது. பெரியப்பா சைடு போர் போட்டார். அதற்கு அடுத்த கோடையில் தவளையும் இல்லை. எங்கள் ஊரில் போர்வெல்லைப் பற்றி ஒருவர் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒருவர் போட்டார், அவரைச் சுற்றியிருந்த கிணறுகள் காய்ந்தன, காய்ந்தவர்கள் போட்டார்கள், அவர்களைச் சுற்றியிருந்த கிணறுகள் காய்ந்தன. ரோஜர்ஸின் படத்தில் மேலே ஏறிப்போகும் அந்தக் கோட்டைத் தலைகீழாகப் பிடித்தால் எங்கள் ஊர் நிலத்தடி நீர்மட்டம்.

இதை ஓரளவு தொட்டவர் வில்லர்ட் காக்ரேன் என்ற பொருளாதாரக்காரர். 1958-இல் எழுதினார். புது முறைக்கு முதலில் மாறுகிற விவசாயிக்கு லாபம். எல்லோரும் மாறியதும் விளைச்சல் குவிந்து விலை விழும். மாறாதவன் நஷ்டப்பட்டு மாறுவான் அல்லது நிலத்தை விற்பான். மாறியவனும் இருந்த இடத்தில் இருக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் அதை டிரெட்மில் என்றார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, செக்கு இருக்கிறது. சந்தேகமிருந்தால் தக்காளி விலை விழுந்த ஒரு காலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போங்கள். சொட்டுநீர் போட்டவர், போடாதவர், ஒட்டுரக நாற்று வாங்கியவர் எல்லோரும் ஒரே கமிஷன் கடை வாசலில் ஒரே முகத்தோடு நிற்பார்கள்.

வாங்காமலே வீடு தேடி வரும் புதுமையும் உண்டு. திண்டுக்கல்லில் முன்பு ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டார்கள், வாரக்கணக்கில் ஆகும். சென்னை ராஜதானியில் குரோம் முறையை ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். கிணறுகளுக்கு ஆயில் இன்ஜின் வைக்கச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்ததும் அதே மனிதர்தான். குரோமில் நாள்கணக்கில் வேலை முடிந்தது. தோல் ஷாப்பு முதலாளி மாறினார், ஏற்றுமதிக்காரர் மாறினார். பக்கத்துக் காட்டில் கத்தரி போட்டிருந்தவர் எதற்கும் மாறவில்லை. ஆனால் தோலோடு வந்த உப்பும் ஷாப்புக் கழிவும் அவர் கிணற்றில் இறங்கின. வாயில் வைக்க முடியாத தண்ணீர். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் ஷாப்புக் கழிவைப் பற்றிய வேலூர் வழக்கில் தீர்ப்பு சொன்னபோது, அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்படப் பல மாவட்டங்களின் தோல் ஷாப்புகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக உட்கார்ந்த தீர்ப்பு அது. கத்தரிக்காட்டுக்காரரை ரோஜர்ஸின் ஐந்து பெட்டியில் எதில் போடுவது? ஆறாவதாக ஒரு பெட்டி செய்து, சும்மா இருந்தவர் என்று எழுதி ஒட்டலாம்.

ஒளிந்துகொள்ள நல்ல இடம் வேண்டுமானால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும் லோயர், ஹையர் பரீட்சைக்காகப் பழைய மெஷின்கள் நம் ஊர்களின் மாடிகளில் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தன. அந்த ஆங்கில எழுத்து வரிசை ஏன் இன்னும் நம் செல்போன் வரைக்கும் தொடர்கிறது என்று பால் டேவிட் என்ற பொருளாதாரக்காரர் 1985-இல் ஒரு கட்டுரை எழுதி, முதலில் தற்செயலாகப் பிடித்த வழியே பிறகு விலக முடியாத வழியாகிவிடும் என்று காட்டினார். பரீட்சையும் சர்டிபிகேட்டும் சேர்ந்தால் எந்தப் பழசுக்கும் ஆயுள் கெட்டி. இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. ரொம்ப நாள் கடைசியில் நின்றால் முதல் வரிசைக்கு வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. ரோஜர்ஸ் 1950-களில் பட்டத்துக்காக ஆய்வு செய்தபோது ஒரு விவசாயி எந்த மருந்தும் வேண்டாம், உரமும் வேண்டாம், மண்புழு செத்துப்போகும் என்று சொன்னார். அவருக்குக் குறைந்த மார்க் போட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார் ரோஜர்ஸ். பல வருஷம் கழித்து இயற்கை விவசாயம் புதுமையாகக் கொண்டாடப்பட்டபோது, அந்த ஆளை முதல் இடத்தில் போட்டிருக்க வேண்டும் என்று அவரே எழுதினார். மார்க்கைத் திருத்திக்கொண்ட வாத்தியார் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும். நம்மூரிலும் பாருங்கள், மரச்செக்கு எண்ணெய் என்று போர்டு போட்ட கடையில் மில் எண்ணெயைவிட விலை அதிகம். செக்கை விடாமல் ஓட்டியவர் யாராவது மிச்சமிருந்தால் இன்று அவர்தான் 2.5 சதவீதம்.

கடைசியாக, ஆள் அடையாளம். எங்கள் பக்கம் ஒரு ரேஷன் கடை. 2020-இல் விரல் ரேகை வைத்தால்தான் அரிசி என்றானது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் நாகல் நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறையில் ஐம்பது வருஷம் அரம் பிடித்தவர். திண்டுக்கல் பூட்டு எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். தகட்டை வெட்டி, லீவர் ஒவ்வொன்றையும் கையால் ராவி, அதற்கு ஏற்ற சாவியை அந்த ஒரு பூட்டுக்கென்றே அறுப்பார்கள். மாங்காய்ப் பூட்டு என்றால் வடிவமே மாங்காய். அலிகாரில் மெஷினில் அடித்து வருவது பாதி விலைக்குக் கிடைப்பதால் பட்டறைகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. 2019-இல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு வந்தது; சான்றிதழுக்குச் சட்டம் போட ஆள் இருந்தது, பட்டறைக்கு வரப் பையன்கள் இல்லை.

அவர் கட்டைவிரலை வைத்தார். மெஷின் கீச்சென்றது. வேட்டியில் துடைத்து வைத்தார். தலைமுடியில் தேய்த்து வைத்தார். ஆள்காட்டி விரல், இடதுகை, எல்லாம் ஆயிற்று. அரம் பிடித்துப் பிடித்து ரேகை வழுவழுவென்று போய்விட்டது.

“பெருசு, போன் நம்பர் யார்கிட்ட இருக்கு? ஓடிபி வரும்.”

“பேரன் திருப்பூர்ல இருக்கான்.”

என் போனில் கூப்பிட்டோம். பேரன் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருந்தான். ரெண்டு தடவை எடுக்கவில்லை, மூன்றாவது தடவை எடுத்தான். மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொன்னான். அரிசி கிடைத்தது. எனக்குப் பருப்பு இல்லை என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டதென்று கடைக்காரத் தம்பி ஷட்டரை இழுத்தார். பூட்டைக் கொக்கியில் மாட்டினார், சாவி திரும்பவில்லை. குலுக்கினார். ஷட்டரில் ஒரு தட்டுத் தட்டினார்.

பெரியவர் அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பூட்டைக் கையில் வாங்கினார். காதருகே வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். துவாரத்தை முகர்ந்தார்.

“தேங்காயெண்ணெய் விட்டீங்களா?”

“ஆமா பெருசு. மழைக்கு இறுகிக்கிச்சு.”

“எண்ணெய் விட்டா தூசி சேரும் தம்பி. பென்சில் இருக்குல்ல, அதைச் சீவி அந்தக் கருப்புத் தூளைப் போடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”